நடுவழியில் இறுகிய இணையம்

நீங்கள் ஒரு வங்கித் தளத்தையோ செய்தித் தளத்தையோ திறக்கும்போது, உங்கள் உலாவி அனுப்பும் முதல் செய்தியிலேயே பெரும்பாலும் ஒரு பொய் இருக்கிறது. இணைப்பை மறையாக்கிக் காக்கும் நெறிமுறையான டிஎல்எஸ்ஸில், ‘நான் டிஎல்எஸ் 1.2 பேசுகிறேன்’ என்று அது அறிவிக்கிறது. அது பேச விரும்புவது 1.3. உண்மையான பதிப்பு எண் அதே செய்தியின் பிற்பகுதியில், நீட்சிகளின் பட்டியலுக்குள் ஒன்றாகச் செருகப்பட்டிருக்கும். எதிர்முனையில் இருக்கும் சர்வருக்கு எங்கே தேட வேண்டும் என்று தெரியும். அதுவும் வெளிப்படையாக ‘1.2’ என்றே பதில் சொல்லிவிட்டு, உள்ளே 1.3 என்று குறித்தனுப்பும். இந்த நாடகத்தை ஏதோ ஹேக்கர் எழுதவில்லை. 2018 ஆகஸ்டில் வெளியான ஆர்எஃப்சி 8446 என்ற தரநிலை ஆவணம்தான் இப்படிச் செய்ய வேண்டும் என்று விதிக்கிறது.

பொய் தேவைப்பட்டதற்குக் காரணம் இரண்டு முனைகளுக்கும் நடுவில் இருக்கிறது. அலுவலக ஃபயர்வால், கல்லூரியின் பிராக்ஸி, தொலைத்தொடர்பு நிறுவனத்தின் முகவரி மாற்றும் கருவி, சர்வர்களுக்கு முன்னால் நிற்கும் லோடு பேலன்சர் என்று பலவகைப் பெட்டிகள் போகிற வருகிற பாக்கெட்டுகளைப் பிரித்துப் பார்க்கின்றன. இவற்றைப் பொதுவாக இடைப்பெட்டிகள் என்று சொல்லலாம். இணையத்தின் அடிப்படை நெறிமுறைகள் எழுதப்பட்டபோது இவை ஏறக்குறைய இல்லவே இல்லை. ஆனால், கடந்த கால் நூற்றாண்டில் எந்தத் தரநிலை புழக்கத்துக்கு வரும், எது ஏட்டளவில் நிற்கும் என்பதைப் பல தடவை இவைதான் முடிவுசெய்திருக்கின்றன. இணையத்தில் மறையாக்கம் எதற்கு என்று கேட்டால், ஒட்டுக்கேட்பவரிடமிருந்து தப்பிக்க என்பார்கள். அது பாதி பதில். டிஎல்எஸ் 1.3, புதிய போக்குவரத்து நெறிமுறையான குவிக் ஆகிய இரண்டும் உருவான விதத்தைப் பார்த்தால் மறையாக்கத்துக்கு இரண்டாவது வேலை ஒன்றும் தரப்பட்டிருப்பது தெரியும். நாளைக்கு நெறிமுறையை மாற்ற வேண்டி வந்தால், அதற்கான இடத்தை இன்றைக்கே காப்பாற்றி வைப்பது அந்த வேலை.

இந்தத் தரநிலைகளை எழுதும் அமைப்பு இன்டர்நெட் எஞ்சினியரிங் டாஸ்க் ஃபோர்ஸ், சுருக்கமாக ஐஇடிஎஃப். 1986இல் தொடங்கியது. அதில் உறுப்பினர் என்ற வகையே கிடையாது, வருகிறவர்கள்தான் பங்கேற்பாளர்கள். வாக்கெடுப்பும் கிடையாது. ஒரு கருத்துக்கு அறையில் எவ்வளவு ஆதரவு என்று தெரிய வேண்டுமானால், குழுத் தலைவர் ‘ஹம்’ செய்யச் சொல்வார். ஆதரிக்கிறவர்கள் வாயைத் திறக்காமல் ‘ம்ம்ம்’ என்று ஒலியெழுப்புவார்கள். ஓசையின் கனத்தைக் கேட்டு அவர் ஒரு முடிவுக்கு வருவார். விளையாட்டில்லை, இந்த முனகலின் நியாயத்தை விளக்குவதற்கென்றே 2014இல் ஆர்எஃப்சி 7282 எழுதப்பட்டது. அரசர்களும் தேர்தல்களும் வேண்டாம், ஏறக்குறைய ஒத்த கருத்தும் ஓடிக்காட்டுகிற நிரலும் போதும் என்று 1992இல் டேவிட் கிளார்க் சொன்னதுதான் இன்றுவரை அவர்களுடைய கொள்கை. சிக்கல் இந்த இரண்டாம் பாதியில் இருக்கிறது. நிரல் ஆய்வகத்தில் ஓடினால் மட்டும் போதாது. உண்மையான இணையத்தில், யாரோ எப்போதோ வாங்கி மாட்டி மறந்துவிட்ட பெட்டிகளின் ஊடாக ஓட வேண்டும்.

அந்தப் பெட்டிகள் எப்படி வந்தன? ஐபி பதிப்பு 4இன் முகவரி 32 பிட் நீளமுடையது. எனவே மொத்தம் சுமார் 430 கோடி முகவரிகள்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே பற்றாக்குறை வருமென்று தெரிந்துவிட்டது. ஒரே பொது முகவரியைப் பல கணினிகள் பங்குபோட்டுக்கொள்ளும் முறை 1994 மே மாதம் ஆர்எஃப்சி 1631 ஆக வெளிவந்தது. தற்காலிக ஏற்பாடாகக் கருதப்பட்ட அது நிரந்தரமாகிவிட்டது. எந்தப் பாக்கெட் எந்தக் கணினிக்கு என்று பிரிக்க, முகவரி மாற்றும் பெட்டி ஐபி தலைப்பகுதிக்கு அடுத்து இருக்கும் போர்ட் எண்களையும் படிக்க வேண்டும். டிசிபி, யூடிபி என்ற போக்குவரத்து நெறிமுறைகள் இரண்டின் போர்ட் எண்கள் எங்கே இருக்கும் என்பதுதான் அதற்குத் தெரியும். ஃபயர்வால்கள் இன்னும் ஆழமாகப் படித்தன. அதற்கு எந்தத் தடையும் இல்லை. 1981இல் ஜான் போஸ்டல் தொகுத்த ஆர்எஃப்சி 793இன்படி டிசிபியின் 20 பைட் தலைப்பகுதி முழுவதும் திறந்தே இருக்கிறது. வரிசை எண், கொடிகள், பெறுநரின் இடக்கொள்ளளவு என்று எல்லாவற்றையும் வழியில் இருக்கும் எவரும் படிக்கலாம், மாற்றலாம்.

படிக்க முடிந்ததால் எதிர்பார்ப்புகள் உருவாயின. எதிர்பார்ப்புக்கு மாறாக ஏதாவது வந்தால் பெட்டி அதைத் தாக்குதல் என்று கருதியது. 2000இல் எஸ்சிடிபி என்ற புதிய போக்குவரத்து நெறிமுறை வந்தது. பல அம்சங்களில் டிசிபியைவிட மேம்பட்டது. ஆனால் அதன் நெறிமுறை எண் 132. டிசிபியின் 6, யூடிபியின் 17 இரண்டை மட்டுமே அறிந்த வீட்டு ரவுட்டர்களைத் தாண்டி அது வரமுடியவில்லை. பெரும்பாலும் தொலைபேசி வலையமைப்புகளின் உள்ளேயே வாழ்கிறது. அடுத்த ஆண்டு ஈசிஎன் வந்தது. நெரிசலில் ரவுட்டர் பாக்கெட்டைத் தூக்கி எறிவதற்குப் பதிலாக அதில் ஒரு அடையாளம் போட்டு அனுப்பும் எளிய ஏற்பாடு அது. அதுவரை பயன்படாத பிட்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டது. அந்தப் பிட்களில் பூஜ்யமல்லாத எதைக் கண்டாலும் சில ஃபயர்வால்கள் இணைப்பையே மறுத்தன. லினக்ஸ் 2.4இல் ஈசிஎன்னை இயக்கிவைத்தவர்களுக்குச் சில தளங்கள் திறக்கவே இல்லை. நல்ல யோசனை ஒன்று பல ஆண்டுகள் அணைத்துவைக்கப்பட்டுக் கிடந்தது.

டிசிபியை இனியும் நீட்டிக்க முடியுமா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து 2011இல் மிச்சியோ ஹோண்டாவும் சக ஆய்வாளர்களும் பல நாடுகளின் வலையமைப்புகளில் அளந்து பார்த்தார்கள். அவர்களுடைய விடையைச் சுருக்கினால்: முடியும், ஆனால் இடைப்பெட்டிகளைக் கருத்தில்கொண்டு, அவை தடுமாறாத வடிவத்தில் மட்டும். 2013இல் வந்த பல்வழி டிசிபியின் வடிவமைப்பில் கணிசமான பகுதி இந்தச் சமாளிப்புதான்.

இதே நோய் பாதுகாப்பு நெறிமுறையையும் பிடித்தது. அங்கே விளைவு இன்னும் மோசம்.

நெட்ஸ்கேப் நிறுவனம் 1995இல் வெளியிட்ட எஸ்எஸ்எல் 2.0, அடுத்த ஆண்டின் 3.0, ஐஇடிஎஃப் கைக்கு வந்தபின் 1999இல் டிஎல்எஸ் 1.0, 2006இல் 1.1, 2008இல் 1.2 என்று இந்தக் குடும்பம் வளர்ந்தது. பெயர் மாறினாலும் கம்பியில் போகும் எண் பழைய வரிசையில்தான் தொடர்ந்தது. டிஎல்எஸ் 1.0க்கு 3.1, 1.2க்கு 3.3. தனக்குத் தெரியாத உயர்ந்த பதிப்பு எண் வந்தால் சர்வர் தனக்குத் தெரிந்த எண்ணைச் சொல்லிப் பதிலளிக்க வேண்டும் என்று விதி தெளிவாகவே இருக்கிறது. இருந்தும், பல சர்வர்கள் புதிய எண்ணைக் கண்டதும் இணைப்பைத் துண்டித்தன. உலாவிகள் என்ன செய்தன? 1.2 தோற்றால் 1.1, அதுவும் தோற்றால் 1.0, கடைசியில் எஸ்எஸ்எல் 3.0 என்று படிப்படியாக இறங்கி முயன்றன. பயனருக்குத் தளம் திறந்தது, எல்லோருக்கும் திருப்தி.

2014 அக்டோபரில் கூகுளின் போடோ மோலர், தாய் துவோங், கிரிஸ்டாஃப் கோட்டோவிச் மூவரும் பூடில் என்ற தாக்குதலை வெளியிட்டார்கள். நடுவில் இருக்கும் தாக்குபவர் முதல் சில முயற்சிகளை வேண்டுமென்றே கெடுத்தால் போதும். உலாவி தானே இறங்கிவந்து பதினெட்டு வருடப் பழசான எஸ்எஸ்எல் 3.0ஐப் பேசும். அதன் ஓட்டை வழியே குக்கீயைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவிவிடலாம். மோசமான நிரல்களுக்கு இரக்கம் காட்டியதால் வந்த வினை இது. அனுப்பும்போது கறாராகவும் பெறும்போது தாராளமாகவும் நடந்துகொள்ள வேண்டும் என்ற போஸ்டலின் நெறி இணையத்தின் வேதவாக்கு போலப் போற்றப்பட்டு வந்தது. பிழையைப் பொறுத்துக்கொண்டே போனால் பிழையே நடைமுறைத் தரமாகிவிடும் என்று 2023இல் மார்ட்டின் தாம்சனும் டேவிட் ஸ்கினாசியும் எழுதிய ஆர்எஃப்சி 9413 அதற்கு எதிர்வாதம் வைத்தது. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகாவது வந்ததே என்று சொல்லத் தோன்றுகிறது.

டிஎல்எஸ் 1.3க்கான வேலை 2014இல் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்க அரசின் கண்காணிப்பை அம்பலப்படுத்தி எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்களால் தரநிலைக் குழுக்களின் மனநிலையே மாறியிருந்தது. பரவலான கண்காணிப்பு என்பது தொழில்நுட்ப அர்த்தத்தில் ஒரு தாக்குதல் என்று 2014 மே மாதம் ஆர்எஃப்சி 7258 அறிவித்தது. அரசு செய்தாலும் தாக்குதல் தாக்குதல்தான் என்று ஒரு பொறியியல் அமைப்பு எழுத்தில் வைத்தது சாதாரண விஷயமில்லை.

எரிக் ரெஸ்கோர்லா தொகுத்த புதிய பதிப்பில் சேர்த்ததைவிட நீக்கியது அதிகம். ஆர்சி4 போயிற்று, எம்டி5 போயிற்று, சிபிசி முறை போயிற்று, சுருக்கம் போயிற்று, நடுவில் மறுபேச்சு நடத்தும் வசதியும் போயிற்று. நூற்றுக்கணக்கில் பெருகியிருந்த மறையாக்கத் தொகுப்புகளின் இடத்தில் ஐந்தை மட்டும் வரையறுத்தார்கள். மிக முக்கியமாக, சர்வரின் நிரந்தர ஆர்எஸ்ஏ சாவியைக் கொண்டே அமர்வுச் சாவியைக் கைமாற்றும் பழைய வழி முற்றாக மூடப்பட்டது. அந்த முறையில், இன்று பதிவுசெய்து வைத்த போக்குவரத்தைப் பத்து வருடம் கழித்து சர்வரின் சாவி களவுபோனால் மொத்தமாகத் திறந்து படிக்கலாம். 1.3இல் சான்றிதழைக் கொண்டு நடக்கும் ஒவ்வொரு கைகுலுக்கலுக்கும், அதாவது இணைப்பைத் தொடங்கும் முதல் பரிமாற்றத்துக்கும், புதிதாகச் சாவி பிறக்கிறது, முடிந்ததும் அழிகிறது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். வழக்கமாகத் தரநிலை வெளிவந்து, எல்லோரும் நிறுவி முடித்தபின் கணிதவியலாளர்கள் அதில் ஓட்டை கண்டுபிடிப்பார்கள். இந்த முறை வரைவு நிலையிலேயே அவர்கள் உட்கார வைக்கப்பட்டார்கள். காஸ் க்ரெமர்ஸும் சக ஆய்வாளர்களும் டாமரின் என்ற தானியங்கிச் சரிபார்ப்புக் கருவியால் பத்தாம் வரைவை ஆராய்ந்தபோது, விவாதத்திலிருந்த ஒரு நீட்சியைச் சேர்த்தால் வேறொருவர் பயனராக ஆள்மாறாட்டம் செய்ய வழி பிறக்கும் என்று கண்டார்கள். அந்த ஓட்டை பிறக்கும் முன்பே அடைக்கப்பட்டது.

வேகத்தின் கணக்கு எளிது. சென்னையிலிருந்து அமெரிக்க மேற்குக் கரைக்கு நேர்தூரம் சுமார் 14,000 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். எனவே போய்வர 140 மில்லி நொடிக்குக் குறையாது. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் நடைமுறையில் இன்னும் கூடும். எவ்வளவு பணம் போட்டாலும் இதைக் குறைக்க முடியாது. குறைக்கக்கூடியது எத்தனை தடவை போய்வர வேண்டும் என்பதை மட்டும்தான். டிசிபி கைகுலுக்க ஒன்று, டிஎல்எஸ் 1.2க்கு இரண்டு, பக்கத்தைக் கேட்டுப் பெற ஒன்று என முன்பு நான்கு தடவை. 1.3இல் மூன்று. தொலைவில் இருப்பவருக்குத்தான் இந்த ஒன்றின் அருமை தெரியும். சர்வருக்குப் பக்கத்து ஊர்க்காரர் உணரவே மாட்டார்.

ஆவணம் ஏறத்தாழத் தயாரானதும் உண்மையான இணையத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். 2017 தொடக்கத்தில் குரோம் 56இல் 1.3ஐ இயக்கியபோது, சில நிறுவனங்களிலும் பள்ளிகளிலும் இருந்த பிராக்ஸிகள் புரியாமல் திகைத்து இணைப்பைத் தொங்கவிட்டன. உலாவி பின்வாங்க வேண்டியிருந்தது. குற்றம் பெட்டியுடையது. ஆனால் பயனர் பழிப்பது உலாவியைத்தான். நேற்றுவரை திறந்த தளம் இன்று திறக்கவில்லை என்பதே அவருக்குத் தெரியும். பெட்டிகள் திருந்தக் காத்திருப்பதா, நெறிமுறையை வளைப்பதா? வளைத்தார்கள். புதிய கைகுலுக்கலுக்குப் பழைய 1.2இன் வேடம் போட்டார்கள். 1.3க்குத் தேவையே இல்லாத அமர்வு அடையாள எண்ணை உலாவி அனுப்புகிறது, சர்வர் அதைத் திருப்பி அனுப்புகிறது. எந்தப் பொருளும் இல்லாத, ‘இனி மறையாக்கம் மாறுகிறது’ என்ற பழைய செய்தி ஒன்றும் நடுவே போகிறது. வெளியிலிருந்து பார்க்கும் பெட்டிக்கு, 1.2இல் ஒரு பழைய அமர்வு புதுப்பிக்கப்படுவது போலத் தோன்றும். இருபத்தெட்டு வரைவுகள் கடந்து 160 பக்க ஆவணம் வெளிவந்தபோது இந்த வேடம் அதிலேயே பின்னிணைப்பாக இடம்பெற்றது.

வேடம் போட்டும் முழுதாகத் தப்பிக்க முடியவில்லை. 1.3 தெரிந்த சர்வர், யாரோ நடுவில் வற்புறுத்தியதால் 1.2க்கு இறங்கினால், தான் அனுப்பும் ரேண்டம் எண்ணின் கடைசி எட்டு பைட்டுகளில் ‘டவுன்கிரேடு’ என்பதன் சுருக்கெழுத்துகளைப் பதிக்கும். அதைக் கண்டால் உலாவி எச்சரிக்கையாகி இணைப்பை விட்டுவிடும். இரண்டு பக்கமும் தனித்தனி இணைப்பு நடத்துவதாகச் சொல்லிக்கொண்ட சில ஃபயர்வால்கள், உண்மையில் சர்வரின் ரேண்டம் எண்ணை அப்படியே நகலெடுத்து உலாவிக்கு அனுப்பி வந்தன. இந்தச் சோதனையை உலாவிகள் இயக்கியதும் அந்தக் குட்டு வெளிப்பட்டது. பாதுகாப்புக் கருவி என்று விற்கப்பட்டவை இவை.

பெட்டிகளின் அறியாமை ஒருபுறம் இருக்க, தெரிந்தே எதிர்த்தவர்களும் இருந்தார்கள். 2016 செப்டம்பரில் அமெரிக்க நிதி நிறுவனங்களின் சார்பில் ஒரு கோரிக்கை வந்தது. தங்கள் தரவு மையங்களுக்குள் போக்குவரத்தைப் பதிவுசெய்து, மோசடியையும் கோளாறையும் பின்னால் ஆராய்கிறார்கள். ஆர்எஸ்ஏ சாவிமாற்றத்தை எடுத்துவிட்டால் அது முடியாது என்றார்கள். இது போலித் தேவையில்லை. ஒரு பணப்பரிமாற்றம் ஐந்து அடுக்கு சர்வர்களைத் தாண்டும்போது எங்கே சிக்கியது என்று தேடிய எவருக்கும் இதன் நியாயம் புரியும். ஆனால் வங்கிக்கு உள்ளே படிக்க உதவும் அதே வசதி வெளியே உளவுத்துறைக்கும் உதவும். நெறிமுறைக்கு நல்லவர் யார் என்று தெரியாது. 2017 ஜூலையில் பிராகிலும் 2018 மார்ச்சில் லண்டனிலும் விவாதித்தும் ஒத்த கருத்து எட்டவில்லை, கோரிக்கை விழுந்தது. அவர்கள் ஐரோப்பியத் தரநிலை அமைப்பான எட்சியின் வழியாகத் தங்களுக்கென ஒரு வடிவத்தை 2018 கடைசியில் வெளியிட்டுக்கொண்டார்கள். முதலில் அதற்கு இட்ட பெயரிலும் ‘டிஎல்எஸ்’ இருந்தது. எதிர்ப்புக்குப் பின் மாற்றப்பட்டது. பாதுகாப்பு ஓட்டைகளைப் பட்டியலிடும் சிவிஇ பதிவேட்டில் இந்தத் தரநிலைக்கே 2019-9191 என்று ஒரு எண் கிடைத்தது. ஓட்டை நிரலில் வருவது வழக்கம். தரநிலையையே ஓட்டையாகப் பதிவுசெய்வது அபூர்வம்.

அடுத்து வருபவர்களும் இதே வேடத்தைப் போட வேண்டுமா? கூகுளின் டேவிட் பெஞ்சமின் எழுதி 2020 ஜனவரியில் வெளியான ஆர்எஃப்சி 8701 இதற்கு ஒரு வழி சொல்கிறது. திறக்காமலே வைத்திருக்கும் ஜன்னலின் கீல் துருப்பிடித்து, வேண்டும்போது திறக்க வராது. ஆகவே, தேவை இல்லாவிட்டாலும் அடிக்கடி திறந்து மூடு என்பதுதான் கருத்து. அந்த ஏற்பாட்டின் பெயரே கிரீஸ். உலாவி தன் பட்டியல்களில் பொருளே இல்லாத எண்களைக் குத்துமதிப்பாகக் கலந்து அனுப்பும். இதற்கென்றே பதினாறு எண்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. விதிப்படி எழுதப்பட்ட சர்வர் தெரியாததைப் புறக்கணித்துவிட்டு மேலே போகும். தெரியாததைக் கண்டு விழும் சர்வர், வெளியான முதல் நாளே பிடிபடும். பத்து வருடம் கழித்து லட்சம் பிரதிகள் பரவிய பின் இல்லை. குப்பையை அனுப்புவது ஒரு தரநிலையாக ஆனது, எனக்கு இந்த வரலாற்றில் மிகப் பிடித்த அத்தியாயம்.

கிரீஸ் போடுவது பழைய வீட்டில் குடியிருக்க உதவும். புதிதாகக் கட்டியவர்கள் குவிக்காரர்கள்.

கூகுளில் ஜிம் ராஸ்கிண்ட் 2012இல் இதை வடிவமைத்தார். 2016இல் ஐஇடிஎஃப் குழு அமைந்தது. 2021 மே மாதம் ஜனா ஐயங்காரும் மார்ட்டின் தாம்சனும் தொகுத்த ஆர்எஃப்சி 9000 வெளிவந்தது. அடுத்த ஆண்டு அதன்மேல் ஓடும் ஹெச்டிடிபி 3 வந்தது. எஸ்சிடிபியின் கதி தெரிந்திருந்ததால் புதிய நெறிமுறை எண் கேட்கவில்லை; எட்டே பைட் தலைப்பகுதி கொண்ட யூடிபியின் முதுகில் ஏறிக்கொண்டார்கள். இணைப்பு ஏற்படுத்துவதையும் சாவி பரிமாறுவதையும் ஒரே பயணத்தில் முடித்தார்கள். முன்பு மூன்றாகக் குறைந்தது இப்போது இரண்டு. முன்பே பழகிய சர்வரிடம் கேள்வியையும் முதல் பாக்கெட்டிலேயே அனுப்பலாம். ஆனால் அந்தப் பாக்கெட்டை ஒருவர் நகலெடுத்து மறுபடி அனுப்பினால் சர்வர் ஏமாறக்கூடும்; பணம் அனுப்பும் கட்டளைகளுக்கு இந்தக் குறுக்குவழி ஆகாது. வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறும்போது ஐபி முகவரி மாறினாலும் இணைப்பு அறுவதில்லை. முகவரியை நம்பாமல் தனி அடையாள எண்ணை வைத்து இணைப்பை அறிவதால் இது சாத்தியமாகிறது.

டிஎல்எஸ் உள்ளடக்கத்தை மட்டும் மூடியது. குவிக் தலைப்பகுதியில் பெரும்பாலானதையும் மூடுகிறது. பாக்கெட் எண்கூட வெளியே தெரியாது. இதற்குப் பின்னால் ஒரு பாடம் இருக்கிறது. 2017இல் கூகுள் பொறியாளர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் அதைச் சொல்கிறார்கள். தொடக்க கால குவிக்கில் முதல் பைட் கொடிகளுக்காகத் திறந்திருந்தது. ஒரு முறை அதில் ஒரு பிட்டை மாற்றினார்கள். ஒரு ஃபயர்வால் அந்த பைட்டை வைத்தே குவிக்கை அடையாளம் கண்டு வந்தது. மாறிய பின், முதல் சில பாக்கெட்டுகளை விட்டுவிட்டு மற்றவற்றை விழுங்கியது. முதலிலேயே தடுத்திருந்தால் உலாவி டிசிபிக்குத் திரும்பியிருக்கும். பாதி வழியில் தடுத்ததால் தளம் உறைந்து நின்றது. தயாரிப்பாளரிடம் சொன்னதும் திருத்தினார்கள். எப்படி? புதிய பிட் மதிப்பையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள். தெரிகிற எதுவும் நடுவில் இறுகிவிடும், மூடினால்தான் நெகிழ்வு மிஞ்சும் என்ற முடிவுக்கு அந்தக் கட்டுரை வந்தது.

ஆகவே, எது என்றும் மாறாது என்பதையே தனியாக எழுதி வைத்தார்கள். ஆர்எஃப்சி 8999 அந்த வாக்குறுதிப் பட்டியல். தலைப்பகுதியின் வகையைச் சொல்லும் முதல் பிட், பதிப்பு எண்ணின் இடம், இணைப்பு அடையாளங்கள் என்று சில மட்டுமே அதில் இருக்கின்றன. மற்ற எதையும் நம்பிப் பெட்டி கட்டாதே என்று பொருள். 2023 மே மாதம் குவிக் இரண்டாம் பதிப்பு ஆர்எஃப்சி 9369 ஆக வந்தது. அதில் புதிய வசதி ஒன்றுமே இல்லை. முதல் பாக்கெட்டின் சாவியைத் தயாரிக்கும் மாறிலி, பாக்கெட் வகைகளின் எண்கள், பதிப்பு எண் போன்ற சிலவற்றை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். பதிப்பு எண் 2 கூட இல்லை. பார்த்தால் கண்டபடி எழுதியது போன்ற 32 பிட் எண். பதிப்பு 1ஐயே உலக நியதி என்று பெட்டிகள் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதற்கு முன் அவற்றைப் பழக்குவதுதான் நோக்கம்.

இதற்கெல்லாம் விலை உண்டு. டிசிபி காலத்தில் வலையமைப்பை இயக்குபவர் நடுவில் நின்றபடியே தாமதத்தையும் இழப்பையும் அளந்துவிடுவார். பழுது தன் பக்கமா அடுத்தவர் பக்கமா என்று சொல்லிவிடுவார். குவிக்கில் அவர் குருடர். எங்களுக்கு ஏதாவது கொடுங்கள் என்று அவர்கள் கேட்க, நீண்ட வாதத்துக்குப் பின் கிடைத்தது ஒரே ஒரு பிட். ஒவ்வொரு சுற்றுப்பயணத்துக்கும் 0, 1 என மாறிமாறிச் சுழலும் அதைக் கவனித்துத் தாமதத்தை அளக்கலாம். அதுவும் கட்டாயமில்லை. இயக்கினாலும் பதினாறில் ஒரு இணைப்பிலாவது அணைத்துவைக்க வேண்டும், அதைப் பயன்படுத்தாதவர்கள் தனித்துத் தெரியக்கூடாது என்பதற்காக. தனியுரிமைக் கண்ணோட்டத்தில் இந்த முடிவு சரி. சிறிய ஊர்களில் இணையச் சேவை நடத்துபவரின் கோணத்தில் இது கஞ்சத்தனம். அவருக்கு நேரும் சிரமம் அந்த அறையில் போதுமான ‘ம்ம்ம்’ பெறவில்லை.

சர்வரின் செலவும் கூடியது. கூகுளின் சர்வர்களில் குவிக்குக்கு முதலில் டிஎல்எஸ்-டிசிபியைவிட மூன்றரை மடங்கு சிபியு பிடித்தது; செம்மைப்படுத்தியபின் இரண்டு மடங்கு என்று அதே கட்டுரை ஒப்புக்கொள்கிறது.

எனக்கு இதைவிடப் பெரிய உறுத்தல் வேறு. உண்மையான இணையத்தில் ஒரு நெறிமுறையை ஓட்டிப் பார்க்க இரண்டு முனைகளும் ஒருவர் கையில் இருக்க வேண்டும். குரோமும் யூடியூபும் கூகுள் என்ற ஒரே நிறுவனத்திடம் இருந்ததால்தான் அந்த நிறுவனத்தால் குவிக்கைக் கோடிக்கணக்கான பயனர்களிடம் சத்தமில்லாமல் சோதிக்க முடிந்தது. ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்குழு எவ்வளவு சிறந்த யோசனை வைத்திருந்தாலும் இந்த வசதி அதற்கு இல்லை. நடுவில் இருந்தவர்களிடமிருந்து அதிகாரத்தைப் பிடுங்கியது நல்லது. அது போய்ச் சேர்ந்த இடம் இரண்டு முனைகளையும் வைத்திருக்கும் சில பெருநிறுவனங்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐஇடிஎஃப் குவிக்கைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்து நான்கைந்து ஆண்டுகள் உரசி, தனியார் மறையாக்கத்தை எடுத்துவிட்டு டிஎல்எஸ் 1.3ஐப் பொருத்தியதால் நிலைமை ஓரளவு சீரானது.

அரசுகள் இன்னும் மூடப்படாத இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்ற பெயர் கைகுலுக்கலின் முதல் செய்தியில் பெரும்பாலும் திறந்தே போகிறது. அந்தப் பெயரைப் படித்துத் தளங்களைத் தடுக்கும் முறை இந்தியாவிலும் இருப்பதை சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டி ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். அந்தப் பெயரையும் மூடும் முயற்சியின் ஆரம்ப வடிவத்தை 2020 கோடையில் சீனா மொத்தமாகத் தடுத்தது. கிரீஸ் அங்கே உதவாது. பெட்டி அறியாமையால் விழவில்லை, தெரிந்தே மறுக்கிறது.

இதே நோயின் புதிய அறிகுறி 2024 ஏப்ரலில் தென்பட்டது. குவாண்டம் கணினி வந்தாலும் உடையாத சாவிமாற்றத்தை குரோம் 124 தன் மேசைக் கணினிப் பதிப்பில் இயல்பாக இயக்கியது. இப்போது பதிவுசெய்து வைத்துக்கொண்டு, குவாண்டம் கணினி கிடைத்ததும் உடைத்துப் படிப்பவர்களை முன்னிட்டு இந்த அவசரம். பழைய முறையில் உலாவியின் பொதுச்சாவி 32 பைட். புதிய முறையில் கூடுதலாக 1,184 பைட். முதல் செய்தி ஒரே பாக்கெட்டில் அடங்காமல் இரண்டாகப் பிரிந்தது. அது ஒரே பாக்கெட்டில்தான் வரும் என்று எந்த ஆர்எஃப்சியும் எப்போதும் சொன்னதில்லை. ஆனால் பல ஆண்டுகளாக அப்படியே வந்ததால், முதல் பாக்கெட்டை மட்டும் படித்து முடிவெடுக்கும் பெட்டிகளும் சர்வர்களும் உருவாகியிருந்தன. அவை இணைப்பைத் துண்டித்தன. தரநிலைப்படி நடந்த உலாவி மீது மறுபடியும் புகார் போனது.

நம் கல்லூரிகளிலும் மாவட்ட அலுவலகங்களிலும் கூட்டுறவு வங்கிகளிலும் ஃபயர்வால் வாங்கக் கையெழுத்திடும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். டெண்டர் விவரக்குறிப்பில் எத்தனை கிகாபிட் என்று கேட்கும் வரிக்குக் கீழே இன்னும் மூன்று கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பாக்கெட்டுகளாக வரும் முதல் டிஎல்எஸ் செய்தியை இந்தப் பெட்டி ஒழுங்காகக் கடத்துமா? தனக்குத் தெரியாத நீட்சி எண் வந்தால் இணைப்பைத் துண்டிக்காமல் விடுமா? குவிக்கின் புதிய பதிப்பு எண்ணைக் கண்டால் என்ன செய்யும்? விற்பனையாளரை உங்கள் முன்னாலேயே ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். சோதித்துப் பார்க்கத் தேவையான ஆர்எஃப்சிகள் அனைத்தும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.